கல்லூரிப் பருவமும் அடுத்த பருவமும்: பசறையிலிருந்து ஒரு நோக்கு

பதுளையிலிருந்து லுணுகலை வழியாகப் பிபிலைக்குச் செல்லும் பாதையில், மலைச்சரிவுகளின் நடுவே பசறை நகர் அமைந்துள்ளது. நகரைச் சூழக் கோணக்கலை, கனவரல்லை முதலிய தேயிலைத் தோட்டங்கள், அப்பால் மடுல்சீமை. இலங்கையின் கோப்பிப் பயிரை அழித்தொழித்த இலைத்துருநோய் 1869ஆம் ஆண்டில் முதன்முதலிற் கண்டறியப்பட்டது இம்மடுல்சீமைப் பகுதியிலேயாகும். கோப்பி போய்த் தேயிலை வந்தபோதும் நிலத்தின் இயல்பு மாறவில்லை. இங்கு சமநிலம் அரிது. கிடைத்த சமநிலத்திலே தொழிற்சாலையும் துரையின் பங்களாவும் எழுந்தன. எஞ்சிய இடத்தில் லயங்கள் அமைந்தன. தொழிலாளரை அதிகாலையில் நிரைப்படுத்தி வேலை பகிரும் பிரட்டுக்களமே பல தோட்டங்களில் மாலை வேளையிற் சிறுவரின் ஆடுகளமாயிற்று. அங்கு அடிக்கப்படும் பந்து எல்லையைக் கடந்தால் தேயிலைச் செடிகளினூடே பள்ளத்தை நோக்கி உருண்டோடிவிடும். ஓங்கி அடிப்பவனைவிட அடக்கி அடிப்பவனே அவ்வாட்டத்திற் கெட்டிக்காரன்.

மலைநாட்டிற்குக் கிரிக்கெற் புதிதன்று. ஆங்கிலேயத் தோட்டத்துரைமார் தாம் சென்ற இடமெல்லாம் கழகங்களை நிறுவினர். டிக்கோயாப் பகுதியின் தரவளையிலும் நானுஓயாவுக்கு அணித்தான ராதல்லையிலும் அவர்கள் அமைத்த மைதானங்கள் பெயர்பெற்றவை. எனினும், மலைநாட்டு அணி என்னும் பெயரிற் கொழும்பு அணியோடு பொருதியவர் துரைமாரே. மைதானத்தின் புல்லை வெட்டியவரும் உருளையை இழுத்தவரும் அப்பெயருக்குள் அடங்கவில்லை. ஆகவே மலையகத் தமிழரும் விளையாட்டும் என்னும் பொருளை ஆராய முற்படுவோர், துரைமாரின் கழகங்களை விடுத்துக் கல்லூரிகளின் பக்கமே திரும்ப வேண்டியுள்ளது.

கல்லூரி விளையாட்டைப் பற்றி எழுதுவோர் வழக்கமாக இரண்டு செய்திகளைத் தருவர். கடந்த பருவத்தில் இன்னார் இத்தனை ஓட்டங்கள் எடுத்தார், இத்தனை விக்கெற்றுகளை வீழ்த்தினார் என்பது ஒன்று. வரும் பருவத்தில் அவரிடம் எதனை எதிர்பார்க்கலாம் என்பது மற்றையது. இவ்விரு செய்திகளுக்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு. வீரனின் எதிர்காலம் பெரும்பாலும் அவ்விடைவெளியிலேயே தீர்மானிக்கப்படுகிறது.

அமெரிக்கர் இதனை நன்குணர்ந்து அதற்கென ஓர் ஏற்பாட்டையே வகுத்துள்ளனர். அங்கே கல்லூரி மாணவர் ஆடும் பேஸ்போல் பருவம் கோடையின் தொடக்கத்தில் நிறைவுறும். அதன்பின் சிறந்த ஆட்டக்காரர் மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் கேப் கொட் கழகத்தொடர் போன்ற கோடைகாலத் தொடர்களுக்கு அழைக்கப்படுவர். கல்லூரிப் போட்டிகளில் 1974ஆம் ஆண்டு முதல் உலோக மட்டைகள் அனுமதிக்கப்பட்டன. உலோக மட்டையிற் பிசகிப் பட்ட பந்தும் தூரம் செல்லும். கேப் கொட் தொடரோ 1985ஆம் ஆண்டில் மர மட்டைக்கே திரும்பிவிட்டது. தொழில்முறைக் கழகங்கள் கையாள்வதும் மர மட்டையையே. எனவே கல்லூரியில் மலையளவு குவித்தவன் கோடையில் வெறுங்கையனாகத் திரும்புவதும், கல்லூரியிற் கவனிக்கப்படாதவன் கோடையில் ஒளிர்வதும் அங்கு வியப்புக்குரியவையல்ல. கோடையில் வழுக்கியவனுக்குத் திரும்பிச் செல்லக் கல்லூரியும், பயிற்றுநரும், அடுத்த பருவமும் காத்திருக்கின்றன என்பதே இங்கு நாம் கருதவேண்டியது.

இலங்கையின் கல்லூரிக் கிரிக்கெற் பருவம் பொதுவாகச் செப்ரெம்பரில் ஆரம்பித்து மார்ச் மாதத்தின் பெரும் போட்டிகளோடு முடிவடைவது. 1990-91ஆம் ஆண்டுப் பருவத்தின் முடிவில் நாடெங்கும் பேசப்பட்டவர் கண்டி, கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியின் முத்தையா முரளிதரன். 1972 ஏப்ரல் 17இற் பிறந்த அவர், கல்லூரியில் ஆடிய இறுதி இரு பருவங்களில் நூற்றுக்கு மேற்பட்ட விக்கெற்றுகளை வீழ்த்தினார். 1991ஆம் ஆண்டின் சிறந்த பாடசாலைக் கிரிக்கெற் வீரராகத் தெரிவு செய்யப்பட்டார். தொடக்கத்தில் மிதவேகப் பந்துவீச்சாளராயிருந்த அவரைப் பதினான்காவது வயதிற் சுழற்பந்தின்பால் திருப்பியவர் கல்லூரிப் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ. நடுவரிசைத் துடுப்பாட்டக்காரராகவும் அவர் அங்கு விளங்கினார் என்பது, பிற்காலத்தில் அவரது துடுப்பாட்டத்தைக் கண்டு நகைத்தோர் அறியாத செய்தி.

அவ்வாண்டுக் கோடையிலேயே அவருக்கு இங்கிலாந்து செல்லும் வாய்ப்புக் கிடைத்தது. அச்சுற்றுப்பயணத்தில் ஐந்து ஆட்டங்களில் ஆடினார். ஒரு விக்கெற்றும் கிடைக்கவில்லை.

நூறு என்னும் எண்ணும் சுழியம் என்னும் எண்ணும் ஒரே கையினாற் பெறப்பட்டவை. இவ்விரண்டில் எது உண்மையான முரளிதரன் என்று 1991ஆம் ஆண்டின் இறுதியில் ஒருவர் வினவியிருப்பின், விடை சொல்வது எளிதாயிருந்திராது. பாடசாலை மாணவருக்கு எதிராகப் பெற்ற விக்கெற்றுகளைக் குறைத்து மதிப்போர் உளர். அவர் கூற்றிலும் நியாயம் உண்டு. அமெரிக்காவின் உலோக மட்டையைப் போன்றதே பாடசாலைக் கணக்கும். ஆயினும் 1992ஆம் ஆண்டில் அலன் போர்டர் தலைமையிலான அவுஸ்திரேலிய அணி இலங்கைக்கு வந்தபோது, பயிற்சியாட்டம் ஒன்றில் முரளிதரன் மீண்டும் பந்து வீச அழைக்கப்பட்டார். அங்கு அவர் காட்டிய திறமை தெரிவாளரை ஈர்த்தது. 1992 ஓகஸ்ற் 28ஆம் நாள் கொழும்பு பிரேமதாச மைதானத்தில் ஆரம்பமான ரெஸ்ற் போட்டியில், இருபதாவது வயதில், அவர் முதன்முதலாகக் களமிறங்கினார். முதல் விக்கெற் கிறெய்க் மக்டர்மற். அதன்பின் நிகழ்ந்தவை பலரும் அறிந்தவை. 1998இல் இலண்டன் ஓவல் மைதானத்தில் ஒரே போட்டியில் 220 ஓட்டங்களுக்கு 16 விக்கெற்றுகள்; 2010 ஜூலையிற் காலியில், தம் இறுதிப் போட்டியில், 800ஆவது விக்கெற்.

சுழியத்தோடு திரும்பிய இளைஞனுக்கு மறு பருவம் எவ்வாறு வாய்த்தது என்பதே வரலாற்று மாணவன் எழுப்பவேண்டிய வினா. திறமை என்று ஒரு சொல்லில் விடையிறுப்பது வரலாறாகாது. கல்லூரியை விட்டு நீங்கியதும் முரளிதரன் கொழும்பிலுள்ள தமிழ் யூனியன் கிரிக்கெற் கழகத்திற் சேர்ந்தார். 1899ஆம் ஆண்டில் தோன்றிய அக்கழகத்தின் ஓவல் மைதானத்திலேயே, 1982 பெப்ரவரியில் இலங்கை தன் முதலாவது ரெஸ்ற் போட்டியை ஆடியது. இத்தகைய ஒரு கழகத்தில் இடமுண்டு என்றால், ஒரு கோடைத் தோல்வி தோல்வியோடு நின்றுவிடும். தெரிவாளரின் கண்பார்வைக்குள் அவன் இருந்துகொண்டே இருப்பான்.

கழகத்திற்கு முன்னர் கல்லூரி. கல்லூரிக்கு முன்னர் குடும்பம். முரளிதரனின் பாட்டனார் பெரியசாமி சின்னசாமி 1920ஆம் ஆண்டில் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத் தொழிலாளியாக இலங்கைக்கு வந்தவர். பின்னர் அவர் தாயகம் திரும்பித் திருச்சிராப்பள்ளியில் வாழ்ந்தார். இங்கேயே தங்கிய புதல்வர்களுள் ஒருவரான முத்தையா, கண்டிக்கு அருகே இனிப்பு, பிஸ்கற் உற்பத்தியில் ஈடுபட்டு உயர்ந்தார். 1977ஆம் ஆண்டின் வன்செயலில் அத்தொழிற்சாலை எரியூட்டப்பட்டது. குடும்பம் மீண்டும் கட்டியெழுப்பியது. இவ்வாறு தோட்டத்திலிருந்து நகருக்கும், கூலியிலிருந்து கைத்தொழிலுக்கும் நகர்ந்த ஒரு தலைமுறையின் உழைப்பே, 1854ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட புனித அந்தோனியார் கல்லூரியின் விடுதியில் மூன்றாந் தலைமுறைச் சிறுவனுக்கு இடம் பெற்றுத் தந்தது. அவரை மலையகத்தின் மைந்தர் என்று போற்றுவோர் தவறாக எதையும் கூறிவிடவில்லை. ஆனால் லயத்திற்கும் அவ்விடுதிக்கும் இடையிலுள்ள தொலைவை அப்புகழுரை மறைத்துவிடுகிறது.

அத்தொலைவைப் பசறையிலிருந்து அளந்து பார்க்கலாம். 1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைகள் சட்டம் தோட்டச் சிறுவரின் தொடக்கக் கல்வியைத் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பாக்கியது. நிருவாகமோ அதனை ஒரு செலவினமாகவே நோக்கிற்று. ஓரறைக் கட்டடம், ஓராசிரியர், ஐந்தாம் வகுப்போடு முடியும் கல்வி என்பதே பொதுவான நிலை. 1945ஆம் ஆண்டில் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தபோதும் அதன் பயன் தோட்டப் பாடசாலைகளை எட்டவில்லை. அரசு அவற்றைப் பெருமளவிற் பொறுப்பேற்றது 1970களின் பிற்பகுதியிலேயே. கல்லூரிக் கிரிக்கெற் என்பது இடைநிலைக் கல்வியின் விளைபொருள். ஐந்தாம் வகுப்போடு பாடசாலையை விட்டுக் கொழுந்து மலைக்கோ மாட்டுப்பட்டிக்கோ சென்ற சிறுவனுக்குக் கல்லூரிப் பருவமே இல்லை. அடுத்த பருவத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

கல்விக்கு அப்பால் குடியுரிமை. 1947ஆம் ஆண்டுத் தேர்தலிற் பதுளைத் தொகுதி, இலங்கை இந்தியக் காங்கிரசின் எஸ். எம். சுப்பையாவைப் பாராளுமன்றத்திற்கு அனுப்பியது. வாக்களித்தவருட் பெருந்தொகையினர் தோட்டத் தொழிலாளர். மறு ஆண்டு நவம்பரிற் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலின்போது அவ்வாக்காளர் வாக்காளராயிருக்கவில்லை. அதே 1948ஆம் ஆண்டின் மார்ச் மாதத்தில், இங்கிலாந்து நோக்கிச் சென்ற பிறட்மனின் அவுஸ்திரேலிய அணி கொழும்பில் இறங்கி ஒரு நாள் ஆடிற்று. அதனை எதிர்த்த அகில இலங்கை அணிக்குத் தலைமை தாங்கியவர், வெஸ்லிக் கல்லூரியில் உருவாகித் தமிழ் யூனியனில் ஒளிர்ந்த மகாதேவன் சதாசிவம் என்னும் தமிழர். முந்திய ஆண்டில் அவர் சென்னைச் சேப்பாக்கத்தில் 215 ஓட்டங்கள் குவித்திருந்தார். ஒரு தமிழர் நாட்டின் அணித் தலைவராயிருந்த ஆண்டிலேயே, பல இலட்சம் தமிழர் நாடற்றவராயினர். இதனை இன அடிப்படையில் மட்டும் விளக்க முயல்வோர் இடர்ப்படுவர். சதாசிவத்திற்குப் பின்னால் ஒரு கொழும்புக் கல்லூரி இருந்தது. பதுளைத் தொழிலாளிக்குப் பின்னால் ஒரு செக்ரோலே இருந்தது.

1964 ஒக்ரோபரிற் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கியது. எஞ்சிய 150,000 பேர் 1974ஆம் ஆண்டிற் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். இந்திய வம்சாவளியினர் பரவலாக வாழும் பசறை போன்ற இடங்களில் இதன் பொருள் என்ன? தமையன் ஒரு நாட்டுக்கும் தம்பி மறு நாட்டுக்கும் உரியவராகலாம். வகுப்பிற் பக்கத்தில் இருந்தவன் அடுத்த தவணையில் தலைமன்னார்க் கப்பலில் இருக்கலாம். பாடசாலை அணி ஒன்றை ஈராண்டு சேர்ந்தாற்போல் வைத்திருப்பதும் அரிதான காலம் அது. இன்னொன்றும் உண்டு. கடவுச்சீட்டுக்கு முன்னர் குடியுரிமை வேண்டும். 1991இல் முரளிதரன் இங்கிலாந்து சென்று தோற்றுத் திரும்பினார். நாடற்றவனுக்கோ அவ்வாறு சென்று தோற்கும் உரிமையும் இருக்கவில்லை.

பதுளை நகரில் முத்தையா குடும்பத்தை ஒத்த வணிகக் குடும்பங்கள் இல்லாமலில்லை. தம் பிள்ளைகளை நல்ல கல்லூரிகளிற் சேர்க்கவல்ல நிலையை அவை எய்தியிருந்தன. 1983 ஜூலை இறுதியில் அந்நகரின் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டபோது அவ்வகுப்பினர் பலர் நகரைவிட்டே அகன்றனர். தோட்டத்திலிருந்து நகருக்கு ஏறும் ஏணியின் நடுப்படி அவ்வாறு முறிந்தது. கண்டிக் குடும்பம் 1977இல் எரிந்ததை மீளக் கட்டிக்கொண்டது. பதுளையில் எரிந்தவை எல்லாம் மீளவில்லை. திறமைகளின் வரலாற்றை எழுதுவோர் இவ்வேறுபாட்டைத் தற்செயல் என்று கடந்துவிடலாகாது.

நாடற்றோர் எஞ்சியிருந்த நிலையை நீக்க 1988ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதுவும் முற்றுப்பெறாமையால் 2003 ஒக்ரோபரில் இன்னொன்று நிறைவேறியது. அவ்வாண்டின் இறுதியில் தோட்டப் பகுதிகளில் நடத்தப்பட்ட பதிவு முகாம்களிற் பத்தே நாள்களில் ஏறக்குறைய 190,000 பேர் இலங்கைக் குடிமக்களாயினர். முரளிதரன் அப்போது 400 விக்கெற்றுகளைத் தாண்டியிருந்தார். 2004 மார்ச் மாதத்தில், கண்டித் திரித்துவக் கல்லூரிக்குரிய அஸ்கிரிய மைதானத்தில், அவுஸ்திரேலியாவுக்கு எதிராக அவர் 500ஆவது விக்கெற்றைப் பெற்ற நாளில், தோட்டங்களிற் பலருடைய குடியுரிமைக்கு வயது நான்கு மாதங்கூட ஆகியிருக்கவில்லை.