வா. செ. குழந்தைசாமி

வா. செ. குழந்தைசாமி (1929–2016) நீரியல் அறிஞர், மூன்று பல்கலைக்கழகங்களின் துணைவேந்தர், 'குலோத்துங்கன்' என்ற பெயரில் எழுதிய கவிஞர். இன்றைய கரூர் மாவட்டத்தில் உள்ள வாங்கலாம்பாளையத்தில் பிறந்தார். கரக்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தபின் அமெரிக்காவின் இலினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் வென் டே சௌவிடம் ஆராய்ச்சி செய்து 1964இல் முனைவர் பட்டம் பெற்றார்.

பெய்த மழையில் எவ்வளவு, எந்நேரத்தில் ஆற்றுக்கு வந்து சேரும் என்பதே அவருடைய ஆய்வுப்பொருள். படுகையில் தேங்கும் நீரை வரத்து, வெளியேற்றம் இவற்றின் அளவைக்கொண்டு மட்டும் கணிக்காமல், அவை கூடிக் குறையும் வேகத்தையும் சேர்த்துக்கொண்டது அவர் வகுத்த சமன்பாடு. சௌவுடன் சேர்ந்து 1971இல் அவர் வெளியிட்ட இந்த மாதிரி நீரியல் பாடநூல்களில் இடம்பெற்றது.

கிண்டி பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர், பின்னர் தமிழ்நாடு அரசின் தொழில்நுட்பக் கல்வி இயக்குநரானார். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் சிறிது காலமே துணைவேந்தராக இருந்தார். அண்ணா பல்கலைக்கழகப் பொறுப்பு நீண்டது. 1981 முதல் 1990 வரை. கிண்டி கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி., அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரி, கட்டடக்கலைப் பள்ளி எனத் தனித்தனி மரபுகளோடு வளர்ந்த நான்கு நிறுவனங்களை இணைத்து 1978இல் உருவான பல்கலைக்கழகம் அது. அதன் இளமைப் பருவம் பெரும்பாலும் அவர் கையில் கழிந்தது. அடுத்து 1994 வரை இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். வகுப்புக்கு வர இயலாதவரைத் தேடிப் பாடம் போகவேண்டும் என்ற அந்த அமைப்பின் நோக்கம், 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவராக அவர் செய்த பணியிலும் தொடர்ந்தது.

அவருடைய முயற்சிகளில் மிகத் துணிச்சலானது எழுத்துச் சீர்திருத்தம். 1978இல் அரசு ஏற்ற பெரியார் சீர்திருத்தம் ணை, லை, றா போன்ற சில எழுத்துகளோடு நின்றது. கு, சு, து, மு என்று மெய்க்கு மெய் உகரக் குறி மாறுவதைக் குழந்தைசாமி சுட்டிக்காட்டினார். இகர, ஈகார, உகர, ஊகார வரிசைகளின் 72 எழுத்துகளுக்கும் ஒரே சீரான, தனித்து நிற்கும் குறிகள் வேண்டும், அப்போது குழந்தையின் கற்றல் சுமை குறையும் என்று வாதிட்டார். பழைய நூல்கள் அடுத்த தலைமுறைக்கு அந்நியமாகிவிடும் என்று எதிர்த்தோரின் கவலையும் எளிதில் தள்ளத்தக்கதன்று. அரசு அத்திட்டத்தை நடைமுறைப்படுத்தவில்லை.

'வாழும் வள்ளுவம்' நூலுக்காக 1988இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். பத்மஸ்ரீ 1992இலும் பத்மபூஷண் 2002இலும் வழங்கப்பட்டன.