சுத்தமான பஞ்சமத்திலிருந்து சமமான பஞ்சமம்

ஒரு ஸ்தாயியை 1200 சென்ட் என்று வைத்துக்கொண்டால், தம்புராவில் கேட்கும் 3/2 பஞ்சமம் 701.955 சென்ட். ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பாகமாக வெட்டிய பியானோவில் அதே பஞ்சமம் 700. வித்தியாசம் இரண்டு சென்ட்கூட இல்லை. ஆனால் இதை வைத்து ஐரோப்பாவில் பல தலைமுறைகள் வாதாடியிருக்கிறார்கள்.

காரணம் எளிது. பன்னிரண்டு சுத்த பஞ்சமங்களை அடுக்கினால் ஏழு ஸ்தாயியைத் தாண்டி 23.46 சென்ட் எகிறிவிடும். அந்த உபரியைப் பன்னிரண்டிலும் சமமாகக் கழித்தால் வருவதுதான் 700. இரண்டின் பன்னிரண்டாம் மூலம் என்ற எண்ணை சீனத்தின் மிங் இளவரசர் சூ சையூ 1584-லேயே கணக்கிட்டுவிட்டார். சரி, எண் தெரிந்தாயிற்று. அதைக் காதுக்கு எப்படிச் சொல்வது? 3/2 சுத்தமாகச் சேர்ந்தால் விம்மல் நின்றுவிடும், காது பிடித்துக்கொள்ளும். 700 சென்ட்டில் விம்மல் நிற்காது. எங்கே நிறுத்த?

1760-களில் பெர்லினில் இருந்த யோஹான் ஃபிலிப் கிர்ன்பெர்கர் காட்டிய வழி எனக்கு மிகவும் பிடித்தது. இவர் பாஹ்-இடம் படித்தவர். அவருடைய வழியை நம் ஸ்வரங்களில் சொல்கிறேன். ச-விலிருந்து சுத்த பஞ்சமமாக ஏழு முறை கீழே இறங்குங்கள்: ம1, நி2, க2, த1, ரி1, ம2, நி3. அங்கிருந்து 5/4 என்ற சுத்த அந்தர காந்தார அளவு ஒன்று கீழே. வந்து நிற்பது ப! ஸ்தாயிகளைச் சரிசெய்தால் அதன் விகிதம் 16384/10935. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 700.001 சென்ட். இப்படிப் பன்னிரண்டு பஞ்சமங்களை அடுக்கினாலும் மொத்தப் பிசகு 0.015 சென்ட்தான். எந்தக் காதுக்கும் எட்டாது.

இத்தனைக்கும் எட்டுப் படியும் விம்மல் இல்லாத சுத்த இடைவெளிகள். சமத்துவத்தைச் சுத்தத்தை வைத்தே கட்டிவிட்டார் மனிதர்.

ஆனால் நடைமுறை? ஒரு பஞ்சமத்துக்கு எட்டுப் படி என்றால் பதினோரு ஸ்வரங்களுக்கு 88 படி. படிக்குப் படி காது துளி பிசகினாலும் அது சேர்ந்துகொண்டே போகும். கணிதத்தில் கிடைத்த துல்லியம் கம்பியில் கரைந்துவிடும். அதனால் செவியால் சுருதி சேர்ப்பவர்கள் விம்மலை எண்ணும் முறையையே பிடித்துக்கொண்டார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், சம சுருதிக்கு இவ்வளவு நெருங்கிய பாதை போட்ட கிர்ன்பெர்கருக்கே சம சுருதி பிடிக்கவில்லை. எல்லா ஸ்தானமும் ஒரே அளவானால் ஒவ்வொன்றுக்கும் உரிய குணம் போய்விடும் என்பது அவர் கட்சி. அவர் பெயரால் இன்று ஆர்கன்களில் வழங்குபவை சமமற்ற சுருதி முறைகளே. ஓர் இடத்துக்குப் போகும் வழியை அறிந்திருப்பது வேறு, அங்கே குடியேறுவது வேறு. சம சுருதி வென்ற கதையை "வேறு வழி தெரியாதவர்கள் பழைய முறையில் நின்றார்கள்" என்று சொல்வதுண்டு. அது தப்பு என்பதற்கு இவர் ஒருவரே போதும்.