படைப்பணிப் பதிவேட்டுத் திருத்தம் (ஐக்கிய அமெரிக்கா)

படைப்பணிப் பதிவேட்டுத் திருத்தம் என்பது ஐக்கிய அமெரிக்கப் படைகளில் பணியாற்றி விலகிய ஒருவரின் பணிப்பதிவேட்டில் உள்ள பிழையையோ விடுபாட்டையோ சட்டப்படி சரிசெய்யும் நடைமுறை ஆகும். பெயரில் எழுத்துப்பிழை, பணிக்காலத் தேதி, பதவிநிலை எனப் பலவும் இதன்கீழ் திருத்தப்படுகின்றன. எனினும் வீரர்களும் அவர்களுடைய குடும்பத்தினரும் இந்நடைமுறையை நாடுவதற்கு ஒரு முக்கியக் காரணம், பதிவேட்டில் இடம்பெறாமல் போன பதக்கங்களைச் சேர்ப்பதே. ஆவணங்களைப் பார்த்த அளவிலேயே உறுதிசெய்யக்கூடிய விடுபாடுகளை அலுவலர்களே திருத்திவிடுவர். மற்றவை அந்தந்தப் படைத்துறையின் பதிவேட்டுத் திருத்த வாரியத்திற்குச் செல்லும்.

பணிவிலகல் சான்றிதழ்

பதக்கங்கள் குறித்துப் பெரும்பாலும் எடுத்துக்காட்டப்படும் ஆவணம் டி.டி. படிவம் 214 ஆகும். பாதுகாப்புத் துறையின் இப்படிவம் 1950 சனவரி 1 முதல் எல்லாப் படைகளுக்கும் பொதுவாக வழங்கப்படுகிறது. அதற்கு முன் ஒவ்வொரு படையும் தனித்தனிப் படிவங்களைப் பயன்படுத்தி வந்தது. பணியாற்றிய காலம், பதவிநிலை, பயிற்சிகள், பெற்ற பதக்கங்கள், விலகலின் தன்மை ஆகியவை இதில் இருக்கும். முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவம், கல்வி உதவி, வீட்டுக்கடன், படைத்துறை மரியாதையுடன் அடக்கம் ஆகிய எல்லாவற்றுக்கும் இதுவே அடிப்படைச் சான்று.

ஒருமுறை வழங்கப்பட்ட 214ஐப் பொதுவாக அழித்து எழுதுவதில்லை. திருத்தங்களை மட்டும் கொண்ட டி.டி. படிவம் 215 என்னும் இணைப்பு வழங்கப்படும். இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

பதக்கங்கள் விடுபடும் விதம்

விடுபாடு என்றதும் எழுத்தரின் கவனக்குறைவையே பலரும் நினைப்பர். அது ஒரு பங்குதான். வீரர் விலகும் நாளில் கோப்பில் என்ன இருந்ததோ அதுவே படிவத்தில் ஏறுகிறது. பல பதக்கங்களோ அந்நாளுக்குப் பிறகு பிறந்தவை.

இரண்டாம் உலகப் போர் வெற்றிப் பதக்கம் 1945 சூலை 6 அன்று உருவாக்கப்பட்டது. 1941 திசம்பர் 7 முதல் பணியாற்றியவர்கள் அதற்கு உரியவர்கள் ஆதலால், காயமுற்று 1944இல் வீடு திரும்பிய ஒருவர் அதற்குத் தகுதியுடையவர். ஆனால் அவரது விலகல் படிவத்தில் அது இருக்க வாய்ப்பே இல்லை. அதே போரில் போர்முனைக் காலாட்படை வில்லை அல்லது போர்முனை மருத்துவ வில்லை பெற்றவர்களுக்கு வெண்கல நட்சத்திரப் பதக்கமும் உண்டு என 1947இல் முடிவாயிற்று. அதற்குள் பெரும்பாலோர் படையை விட்டு விலகியிருந்தனர்.

கொரியப் போரில் பணியாற்றியவர்களுக்குத் தென் கொரியா 1950களிலேயே ஒரு போர்ப்பணிப் பதக்கம் அளிக்க முன்வந்தது. அதை ஏற்று அணிய அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1999 ஆகத்து மாதத்தில்தான் இசைவு அளித்தது. 1954 சூலை 28க்குப் பின் கொரியாவில் பணியாற்றியவர்களுக்கான கொரியப் பாதுகாப்புப் பணிப் பதக்கத்திற்கு 2002 திசம்பரில் சட்டம் வழிசெய்தது. வியட்நாம் போரைப் பொறுத்தவரை, வியட்நாமில் இருந்த அமெரிக்கத் தலைமையகங்களுக்கும் அவற்றின் கீழ் இயங்கிய பிரிவுகளுக்கும் தென் வியட்நாமின் வீரச் சிலுவைப் பிரிவுப் பாராட்டு வழங்கப்பட்டதாகத் தரைப்படை 1974இல் வெளியிட்ட 8ஆம் எண் பொது ஆணை அறிவித்தது. அதற்கு முன் விலகியவர்களின் படிவங்களில் இது காணப்படாதது இயல்பே.

எதிரியின் தாக்குதலில் காயமுற்றோருக்கான பர்ப்பிள் ஹார்ட் பதக்கம் சிக்கலானது. காயம் எதிரியின் செயலால் ஏற்பட்டது, அதற்கு மருத்துவச் சிகிச்சை தேவைப்பட்டது, அச்சிகிச்சை அலுவல் முறையில் பதிவாகியுள்ளது ஆகிய மூன்றும் மெய்ப்பிக்கப்பட வேண்டும். போர்முனையில் கட்டுப்போட்டு மீண்டும் அணிக்கு அனுப்பப்பட்டவரின் சிகிச்சை ஏட்டில் ஏறாமலே போயிருக்கலாம். இதன் விளைவு மார்பில் அணியும் நாடாவோடு நிற்பதில்லை. இப்பதக்கம் பெற்றவர் முன்னாள் படைவீரர் மருத்துவ அமைப்பில் முன்னுரிமைக் குழு 3இல் சேர்க்கப்படுகிறார்.

1973ஆம் ஆண்டுத் தீ

முன்னாள் வீரர்களின் கோப்புகள் மிசூரி மாநிலத்தின் செயிண்ட் லூயிஸ் பகுதியில் உள்ள தேசியப் பணியாளர் பதிவேட்டு மையத்தில் வைக்கப்பட்டுள்ளன. 1973 சூலை 12 நள்ளிரவுக்குப் பின் அதன் ஆறாவது மாடியில் தீப்பற்றியது. ஏறத்தாழ 1.6 முதல் 1.8 கோடிக் கோப்புகள் அழிந்தன. 1912 நவம்பர் 1க்கும் 1960 சனவரி 1க்கும் இடையில் விலகிய தரைப்படையினரின் கோப்புகளில் 80 விழுக்காடு போயிற்று. வான்படையில் 1947 செப்டம்பர் 25க்கும் 1964 சனவரி 1க்கும் இடையில் விலகியவர்களுள், அகரவரிசையில் ஹப்பர்ட் என்ற பெயருக்குப் பின் வருவோரின் கோப்புகளில் 75 விழுக்காடு அழிந்தது. தீயின் காரணம் உறுதியாகக் கண்டறியப்படவில்லை.

அக்கோப்புகளுக்கு நகலும் இல்லை, நுண்படச் சுருளும் இல்லை, முழுமையான அட்டவணையும் இல்லை. எனவே எவை அழிந்தன என்பதைக்கூடப் பட்டியலிட இயலவில்லை. தீயைவிட, தீயணைக்க இறைத்த நீரால் நனைந்த தாள்களில் பூஞ்சை படிவது பெரும் தொல்லையாயிற்று. மெக்டானல் டக்ளஸ் நிறுவனத்தின் வெற்றிட அறை ஒன்றில் அத்தாள்கள் உலர்த்தப்பட்டன. சுமார் 65 இலட்சம் கோப்புகள் இவ்வாறு மீட்கப்பட்டன.

கோப்பு எரிந்துபோனவர்களுக்கு மாற்றுச் சான்றுகளிலிருந்து பணிவரலாறு மீளக் கட்டப்படுகிறது. படைப்பிரிவுகள் நாள்தோறும் எழுதிய காலை அறிக்கைகள், இறுதிச் சம்பளச் சீட்டுகள், தலைமை மருத்துவர் அலுவலகத்தின் மருத்துவமனைச் சேர்க்கைத் தரவுகள், முன்னாள் படைவீரர் துறையிடம் இருந்த கோரிக்கைக் கோப்புகள் ஆகியன இதற்கு உதவுகின்றன. தனிக்கோப்பில் எரிந்துபோன ஒரு காயம், அப்பிரிவின் காலை அறிக்கையில் ஒற்றை வரியாக எஞ்சியிருப்பதுண்டு.

விண்ணப்பம்

முதற்படியாகப் பொதுத்தரப் படிவம் 180 மூலமோ, கடிதம் மூலமோ, இணையவழியாகவோ மேற்படி மையத்திடம் கோரலாம். வீரர் இறந்திருந்தால் நெருங்கிய உறவினர் விண்ணப்பிக்கலாம். விலகி 62 ஆண்டுகள் கடந்த கோப்புகள் ஆவணக் காப்பகத்தின் உடைமையாகி எவரும் பார்க்கக்கூடியவை ஆகின்றன. தரைப்படை வீரரின் தகுதியை மையம் சரிபார்த்தபின், பதக்கங்களைப் பிலடெல்பியாவில் உள்ள தரைப்படை அலுவலகம் அனுப்பிவைக்கும்.

இவ்வழியில் தீராதவற்றுக்கு டி.டி. படிவம் 149 மூலம் திருத்த வாரியத்தை அணுக வேண்டும். இவ்வாரியங்களுக்கு 1946ஆம் ஆண்டின் சட்டமன்ற மறுசீரமைப்புச் சட்டம் வழிவகுத்தது. அதற்கு முன் ஒரு வீரரின் பதிவேட்டைத் திருத்தக்கூட அமெரிக்கக் காங்கிரசு தனி மசோதா நிறைவேற்ற வேண்டியிருந்தது. இன்று அதிகாரம் சட்டத்தொகுப்பின் 10ஆம் தலைப்பு, 1552ஆம் பிரிவில் உள்ளது. வாரிய உறுப்பினர்கள் படையினர் அல்லர், குடிமை அலுவலர்கள். கடற்படைக்கும் மரைன் படைக்கும் ஒரே வாரியம்.

பிழையைக் கண்டறிந்த மூன்று ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. நீதியின் பொருட்டு இவ்வரம்பை வாரியம் தளர்த்தலாம். ஆனால் மெய்ப்பிக்கும் பொறுப்பு விண்ணப்பதாரருடையது; பழைய ஆவணம் சரியானது என்ற ஊகத்துடனேயே வாரியம் தொடங்கும். பிரிவு ஆணைகள், மருத்துவக் குறிப்புகள், உடனிருந்தோரின் உறுதிமொழிகள், அக்காலத்துக் கடிதங்கள் ஆகியவை சான்றாகும். உடனிருந்தோர் மறைந்துவிடுவதால் காலம் செல்லச்செல்ல வழக்கு நலிகிறது. வாரியத்தின் முடிவு ஏறுமாறானதாக இருந்தால் கூட்டரசு நீதிமன்றங்கள் அதை நீக்கலாம் என உச்ச நீதிமன்றம் 1983இல் ஒரு தீர்ப்பில் குறிப்பிட்டது.

ஒரு வேறுபாடு இங்குக் கருதத்தக்கது. வழங்கப்பட்டும் பதிவாகாத பதக்கத்தைச் சேர்ப்பது திருத்தம். பரிந்துரைக்கப்படாமலே போன வீரச்செயலுக்குப் பதக்கம் கோருவது திருத்தம் அன்று, புதிய பரிந்துரை. கால வரம்பு கடந்த அத்தகைய பரிந்துரையைக் காங்கிரசு உறுப்பினர் ஒருவர் வழியாக அளிக்க 1130ஆம் பிரிவு இடந்தருகிறது.

நீக்கமும் மீட்பும்

பதிவேட்டிலிருந்து பதக்கங்கள் நீக்கப்பட்டதும் உண்டு. மெடல் ஆஃப் ஹானர் பட்டியலை ஆய்ந்த குழு ஒன்றின் முடிவின்படி 1917இல் 911 பெயர்கள் நீக்கப்பட்டன. இவற்றுள் 864 பெயர்கள் மேய்ன் மாநிலத்தின் 27ஆம் படைப்பிரிவைச் சேர்ந்தவை. உள்நாட்டுப் போரில் அறுவை மருத்துவராகப் பணியாற்றிய மேரி எட்வர்ட்ஸ் வாக்கரும் நீக்கப்பட்டவர்களுள் ஒருவர். இப்பதக்கம் பெற்ற ஒரே பெண்மணி இவரே. பதக்கத்தைத் திருப்பித்தர மறுத்த அவர், 1919இல் இறக்கும்வரை அதை அணிந்திருந்தார். தரைப்படைத் திருத்த வாரியத்தின் வழியாக 1977இல் அவரது பெயர் மீண்டும் சேர்க்கப்பட்டது. பஃபலோ பில் என அறியப்பட்ட வில்லியம் கோடியின் பதக்கமும், வேறு நான்கு குடிமை வழிகாட்டிகளின் பதக்கங்களும் 1989இல் மீட்டளிக்கப்பட்டன.