நிறுவனம் திவாலானால் வாங்கிய கார் என்னவாகும்? ‘ஃபிஸ்கர் ஓஷன்’ உரிமையாளர்களின் அனுபவம் சொல்வது என்ன?

அமெரிக்காவைச் சேர்ந்த மின்சார சொகுசு கார் நிறுவனமான ஃபிஸ்கர், 2024-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் தேதி திவால் பாதுகாப்பு கோரி டெலாவேரில் உள்ள நீதிமன்றத்தை நாடியது. அதன் ‘ஓஷன்’ காரை வாங்கி ஓராண்டுகூட நிறைவடையாத நிலையில் இருந்த பல ஆயிரம் பேருக்கு அன்று ஒரே கேள்விதான் எழுந்தது: இனி இந்த காரை யார் பழுது பார்ப்பார்கள்?

விலை உயர்ந்த காரை அதிகம் அறியப்படாத புதிய நிறுவனத்திடம் இருந்து வாங்குவோர் அனைவருக்கும் பொருந்தும் கேள்வி இது. ஓஷன் காரின் கதை, அத்தகைய காரை வாங்கும்போது உண்மையில் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது.

நிறுவனரின் முதல் முயற்சி

டென்மார்க்கில் பிறந்த ஹென்ரிக் ஃபிஸ்கர், கார் வடிவமைப்பில் உலக அளவில் அறியப்பட்டவர். பி.எம்.டபிள்யூ நிறுவனத்தின் ‘இசட்8’, ஆஸ்டன் மார்ட்டின் நிறுவனத்தின் ‘டி.பி.9’ ஆகிய கார்களின் வடிவமைப்பில் அவருக்குப் பங்கு உண்டு. 2007-இல் அவர் தொடங்கிய ‘ஃபிஸ்கர் ஆட்டோமோட்டிவ்’ நிறுவனம், பெட்ரோலிலும் மின்சாரத்திலும் இயங்கும் ‘கர்மா’ என்ற சொகுசு காரை விற்பனைக்குக் கொண்டு வந்தது. ஒரு காரின் விலை ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது.

அமெரிக்க எரிசக்தித் துறை அந்நிறுவனத்துக்கு 52.9 கோடி டாலர் கடன் வழங்க ஒப்புதல் அளித்திருந்தது. ஆனால், நிர்ணயித்த இலக்குகள் எட்டப்படாததால் சுமார் 19 கோடி டாலர் வழங்கப்பட்ட நிலையில் கடன் நிறுத்தப்பட்டது. 2012-இல் ஒரு நுகர்வோர் இதழ், சோதனைக்காக விலை கொடுத்து வாங்கிய கர்மா கார் சில நாள்களிலேயே இயங்காமல் நின்றது. அதே ஆண்டு அக்டோபரில், பேட்டரி வழங்கிவந்த ‘ஏ123 சிஸ்டம்ஸ்’ நிறுவனம் திவாலானது. அந்த மாத இறுதியில் ‘சாண்டி’ புயலின்போது, நியூ ஜெர்சி துறைமுகத்தில் நிறுத்தப்பட்டிருந்த முந்நூறுக்கும் மேற்பட்ட கர்மா கார்கள் நாசமாகின. 2013 நவம்பரில் நிறுவனம் திவால் மனு தாக்கல் செய்தது. அதன் சொத்துகளை 2014-இல் சீனாவின் வான்சியாங் குழுமம் வாங்கியது.

இரண்டாவது முயற்சி

2016-இல் ஹென்ரிக் ஃபிஸ்கர், தன் மனைவி கீதா குப்தா-ஃபிஸ்கருடன் இணைந்து ‘ஃபிஸ்கர் இன்க்’ என்ற புதிய நிறுவனத்தைத் தொடங்கினார். 2020-இல் ஏற்கெனவே பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டிருந்த ஒரு முதலீட்டு நிறுவனத்துடன் இணைந்ததன் மூலம் அதற்குச் சுமார் 100 கோடி டாலர் நிதி கிடைத்தது.

புதிய நிறுவனம் சொந்தமாகத் தொழிற்சாலை அமைக்கவில்லை. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் உள்ள மேக்னா ஸ்டேயர் நிறுவனத்திடம் உற்பத்தியை ஒப்படைத்தது. பல முன்னணி நிறுவனங்களுக்கு ஒப்பந்த அடிப்படையில் கார் தயாரித்துக் கொடுக்கும் அனுபவம் மிக்க நிறுவனம் அது. 2022 நவம்பரில் ஓஷன் காரின் உற்பத்தி தொடங்கியது.

காகிதத்தில் பார்த்தால் கார் மிகவும் கவர்ச்சிகரமானது. உயர்நிலை வகையான ‘எக்ஸ்ட்ரீம்’ ஒரு முறை மின்னேற்றம் செய்தால் 360 மைல் (சுமார் 580 கி.மீ.) செல்லும் என அமெரிக்க அரசின் அளவீட்டில் மதிப்பிடப்பட்டது. கூரையில் சூரிய மின்தகடு, செங்குத்தாகவும் கிடைமட்டமாகவும் சுழலும் 17.1 அங்குலத் திரை, ஒரே பொத்தானை அழுத்தினால் பின்பக்கக் கண்ணாடி உள்பட அனைத்து ஜன்னல்களும் இறங்கும் வசதி ஆகியவை இருந்தன. 2023-இல் எக்ஸ்ட்ரீம் வகையின் விலை 68,999 டாலர். அப்போதைய மதிப்பில் சுமார் ரூ.57 லட்சம். காருக்கு 6 ஆண்டுகள் அல்லது 60 ஆயிரம் மைல், பேட்டரிக்கும் மின் மோட்டாருக்கும் 10 ஆண்டுகள் அல்லது ஒரு லட்சம் மைல் வாரன்டி உண்டு என நிறுவனம் அறிவித்தது.

எங்கே தவறியது?

காரின் கட்டுமானம் குறித்துப் பெரிய குறை சொல்லப்படவில்லை. மென்பொருளும் விற்பனைக்குப் பிந்தைய சேவையும்தான் சிக்கலாகின. முன்செல்லும் வாகனத்துக்கு ஏற்ப வேகத்தைத் தானே சரிசெய்து கொள்ளும் வசதி போன்ற சில அம்சங்கள், ‘பின்னர் மென்பொருள் புதுப்பிப்பில் வரும்’ என்ற உறுதிமொழியுடனேயே கார்கள் ஒப்படைக்கப்பட்டன. டீலர்கள் இல்லாமல் வாடிக்கையாளருக்கு நேரடியாக விற்கும் முறையை நிறுவனம் கையாண்டதால், பழுது ஏற்பட்டால் அணுகுவதற்குப் போதிய சர்வீஸ் மையங்கள் இல்லை. 2024 ஜனவரியில்தான் டீலர்கள் மூலம் விற்கும் முறைக்கு நிறுவனம் மாறியது.

பிரேக் பிடிக்கும்போது வேகக் குறைப்பில் தடை, நிறுத்தப்பட்ட கார் தானே நகர்தல், கதவுகள் திறக்காமை, காரணமின்றித் தானியங்கி அவசர பிரேக் செயல்படுதல் ஆகிய புகார்கள் குறித்து, 2024-இன் முதல் ஐந்து மாதங்களில் அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் அடுத்தடுத்து விசாரணைகளைத் தொடங்கியது. அதே ஆண்டு பிப்ரவரியில், பிரபல யூடியூப் விமர்சகர் மார்கஸ் பிரவுன்லீ, தாம் இதுவரை விமர்சித்தவற்றிலேயே மிக மோசமான கார் இதுதான் என்று குறிப்பிட்டார்.

2023-இல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கார்கள் தயாரிக்கப்பட்டன. அவற்றில் வாடிக்கையாளர்களைச் சென்றடைந்தவை சுமார் 4,900 மட்டுமே. 2024 மார்ச்சில் உற்பத்தி நிறுத்தப்பட்டது. பெரிய கார் நிறுவனம் ஒன்றுடன் நடைபெற்ற கூட்டுப் பேச்சுவார்த்தை முறிந்தது. நியூயார்க் பங்குச்சந்தையில் இருந்தும் நிறுவனம் நீக்கப்பட்டது. கையிருப்பைத் தீர்க்க, எக்ஸ்ட்ரீம் வகையின் விலை 61,499 டாலரில் இருந்து 37,499 டாலராகக் குறைக்கப்பட்டது. முந்தைய மாதம் முழு விலை கொடுத்து வாங்கியவரின் கார், ஒரே நாளில் 24 ஆயிரம் டாலர் மதிப்பை இழந்தது.

உரிமையாளர்களுக்கு நேர்ந்தது

திவால் நடவடிக்கையில் நிறுவனத்தின் சொத்துகள் முதலில் பிணையம் பெற்ற கடன் கொடுத்தோரையே சேரும். வாரன்டி என்பது நிறுவனம் அளித்த உறுதிமொழி. அந்த நிறுவனமே கலைக்கப்படும்போது, அதை வைத்திருப்பவர் பிணையம் இல்லாத கடன் கொடுத்தோரின் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

விற்பனையாகாமல் எஞ்சிய மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கார்களை, வாடகைக் கார் ஓட்டுநர்களுக்கு வாகனம் அளிக்கும் நியூயார்க்கின் ‘அமெரிக்கன் லீஸ்’ நிறுவனம் அதிகபட்சம் 4.62 கோடி டாலருக்கு வாங்க ஒப்பந்தம் செய்தது. சராசரியாக ஒரு காருக்குச் சுமார் 14 ஆயிரம் டாலர். அதாவது, தொடக்க விலையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு.

பாதுகாப்புக் குறைபாடுகளுக்காகத் திரும்ப அழைக்கப்பட்ட கார்களுக்கு உதிரிபாகத்தை மட்டுமே இலவசமாகத் தருவோம், பழுதுபார்ப்புக் கூலியை உரிமையாளரே ஏற்க வேண்டும் என 2024 செப்டம்பரில் நிறுவனம் அறிவித்தது. எதிர்ப்பு எழுந்ததும் அந்த முடிவு மாற்றிக்கொள்ளப்பட்டது. இத்தகைய குறைபாடுகளை உற்பத்தியாளரே கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். அமெரிக்க நீதித் துறையும் இதை நீதிமன்றத்தில் வலியுறுத்தியது.

இதைவிடச் சிக்கலான பிரச்சினை கிளவுட் சர்வர் தொடர்பானது. கைப்பேசிச் செயலி, மென்பொருள் புதுப்பிப்பு, குறைகளைக் கண்டறியும் கருவி ஆகியவை நிறுவனத்தின் சர்வருடன் இணைந்தே இயங்குகின்றன. கார்களின் தரவுகளைப் புதிய சர்வருக்கு மாற்றுவது தொழில்நுட்ப ரீதியாக இயலாது என 2024 அக்டோபரில் ஃபிஸ்கர் தெரிவித்ததும், ஆயிரக்கணக்கான கார்களை வாங்கிய அமெரிக்கன் லீஸ் நிறுவனமே அதிர்ச்சி அடைந்தது. பின்னர், கூடுதல் தொகை செலுத்தித் தொழில்நுட்ப உதவியைப் பெற அந்நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. அதே மாதம் நிறுவனத்தைக் கலைப்பதற்கான திட்டத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் அளித்தது.

இந்நிலையில் உரிமையாளர்கள் தாங்களே ஒன்றுதிரண்டனர். ‘ஃபிஸ்கர் உரிமையாளர்கள் சங்கம்’ என்ற லாப நோக்கற்ற அமைப்பு பல ஆயிரம் பேரை உறுப்பினர்களாகச் சேர்த்தது. திவால் வழக்கில் உரிமையாளர்களின் தரப்பை எடுத்துரைத்தல், கார் சாவி முதல் உதிரிபாகங்கள் வரை மொத்தமாகக் கொள்முதல் செய்தல், பழுதுபார்க்கத் தெரிந்த தனியார் பணிமனைகளைக் கண்டறிதல், மென்பொருளைத் தொடர்ந்து இயங்கச் செய்தல் எனக் கார் நிறுவனம் செய்ய வேண்டிய பணிகளை வாடிக்கையாளர்களே ஏற்றனர்.

புதிய பெயர், பழைய தாய் நிறுவனம்

புதிதாக வந்த எல்லாச் சொகுசு நிறுவனங்களும் இவ்வாறு வீழ்ந்ததில்லை. 1989-இல் டொயோட்டா நிறுவனம் ‘லெக்சஸ்’ என்ற பெயரை அமெரிக்காவில் அறிமுகப்படுத்தியபோது, மெர்சிடிஸ் பென்ஸ், பி.எம்.டபிள்யூ ஆகியவற்றின் வாடிக்கையாளர்களுக்கு அது கேள்விப்படாத பெயர். விற்பனை தொடங்கிய சில மாதங்களிலேயே, பிரேக் விளக்கு, வேகக் கட்டுப்பாட்டு அமைப்பு ஆகியவற்றில் எழுந்த மிகச் சில புகார்களின் பேரில், அதுவரை விற்ற சுமார் 8 ஆயிரம் ‘எல்.எஸ். 400’ கார்களையும் நிறுவனம் திரும்ப அழைத்தது. ஊழியர்கள் வீடு தேடிச் சென்று கார்களை எடுத்துவந்து, சரிசெய்து, கழுவி, எரிபொருள் நிரப்பித் திருப்பி அளித்தனர். சுமார் 20 நாள்களில் பணி முடிந்தது. பின்னடைவாக முடிந்திருக்கக் கூடிய நிகழ்வு, நற்பெயருக்கு அடித்தளமானது. அதற்கான பணமும் ஆள்பலமும் டொயோட்டாவிடம் இருந்தன.

தாய் நிறுவனம் வலுவாக இருந்தால், ஒரு பெயர் சந்தையை விட்டு விலகினாலும் உரிமையாளருக்குப் போக்கிடம் இருக்கும். நிஸானின் ‘இன்ஃபினிட்டி’ 2020-இல் மேற்கு ஐரோப்பாவில் இருந்து வெளியேறியபோது சர்வீஸ் பொறுப்பை நிஸான் ஏற்றது. இந்தியாவிலும் ஜெனரல் மோட்டார்ஸ் 2017-இலும், ஃபோர்டு 2021-இலும் கார் விற்பனையைக் கைவிடுவதாக அறிவித்தபோது, உதிரிபாகமும் சர்வீஸும் தொடரும் என உறுதியளித்தன. ஸ்வீடனின் சாப் நிறுவனம் 2011-இல் திவாலானபோது, அதன் உதிரிபாகப் பிரிவு தனி நிறுவனமாக இருந்ததால் தப்பிப் பிழைத்தது. ஃபிஸ்கருக்கு இவற்றில் எதுவும் இல்லை.

இந்தியாவில் என்ன நிலை?

ஃபிஸ்கர் நிறுவனம் ஹைதராபாதில் அலுவலகம் அமைத்ததுடன், 100 ஓஷன் கார்களை இந்தியாவில் இறக்குமதி செய்து விற்கப் போவதாக 2023-இல் அறிவித்தது. அதற்குள் நெருக்கடி முற்றியதால் அத்திட்டம் நிறைவேறவில்லை. நிறைவேறியிருந்தால், அந்த நூறு பேருக்கு அருகில் சங்கம் அமைத்துக்கொள்ளக்கூட போதிய உரிமையாளர்கள் இருந்திருக்க மாட்டார்கள்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்க்கப்பட்ட 110ஏ பிரிவின்படி, குறைபாடுள்ள வாகனங்களைத் திரும்ப அழைக்குமாறு உற்பத்தியாளருக்கு மத்திய அரசு உத்தரவிடலாம். பழுதுபார்ப்பது, மாற்று வாகனம் தருவது அல்லது விலையைத் திருப்பி அளிப்பது உற்பத்தியாளரின் பொறுப்பு. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறைபாடுள்ள பொருளால் ஏற்படும் பாதிப்புக்கு இழப்பீடு கோர வழி செய்கிறது. இந்தியச் சட்டத்துக்கு உள்படாத உற்பத்தியாளர் மீது உத்தரவைச் செயல்படுத்த இயலாத சூழலில், பொருளை விற்றவர் பொறுப்பாகலாம் என்கிறது அதன் 86-ஆவது பிரிவு. வெளிநாட்டுக் காரை வாங்குவோருக்கு இது முக்கியமானது: ரசீதில் விற்பனையாளராக இடம்பெறும் இந்திய நிறுவனம் எது, அது நிலைத்து நிற்கக் கூடியதா என்பதைப் பார்க்க வேண்டும்.

வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

* தாய் நிறுவனம்: புதிய பெயரின் பின்னால் பெரிய உற்பத்தியாளர் உள்ளாரா, அல்லது முதலீட்டாளர்களின் பணத்தை மட்டும் நம்பி நிறுவனம் இயங்குகிறதா? பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டிருந்தால், ஆண்டறிக்கையில் தணிக்கையாளர் குறிப்பை அவசியம் படிக்க வேண்டும். ‘தொடர்ந்து இயங்க முடியுமா என்பதில் ஐயம்’ என்ற எச்சரிக்கையை 2024 பிப்ரவரி இறுதியிலேயே ஃபிஸ்கர் வெளியிட்டிருந்தது.

* சர்வீஸ்: வசிக்கும் நகரில் பணிமனை உள்ளதா? காரைத் தொடவும், அதன் மென்பொருளைத் திறக்கவும் வேறு யாருக்கேனும் அனுமதி உண்டா?

* இன்று உள்ள வசதி: ‘பின்னர் வரும்’ எனச் சொல்லப்படும் அம்சங்களுக்கு இன்றே பணம் தரக்கூடாது. காரில் இப்போது இயங்குபவற்றின் அடிப்படையில் மட்டுமே விலையை மதிப்பிட வேண்டும்.

* இணையம் இன்றி இயக்கம்: நிறுவனத்தின் சர்வர் நின்றுபோனால் கதவு திறத்தல், மின்னேற்றம், வண்டியைக் கிளப்புதல் ஆகியவை நடைபெறுமா எனக் கேட்டு உறுதிசெய்ய வேண்டும்.

* கடனும் காப்பீடும்: காரின் சந்தை மதிப்பு திடீரெனச் சரிந்தாலும் வங்கிக் கடன் குறையாது. உதிரிபாகம் கிடைக்காத காரைச் சிறு விபத்துக்குப் பிறகும் முழுச் சேதமாகக் கருத நேரிடலாம். ரசீது மதிப்பு முழுவதையும் ஈடுசெய்யும் கூடுதல் காப்பீடு குறித்து முன்கூட்டியே விசாரிப்பது நல்லது.

ஓஷன் கார்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இன்றும் சாலைகளில் ஓடுகின்றன. அவற்றுக்கு அளிக்கப்பட்ட பத்தாண்டு வாரன்டியின் காலம் முடிய இன்னும் பல ஆண்டுகள் உள்ளன. அதை அளித்த நிறுவனம் இப்போது இல்லை என்பது குறிப்பிடத்தக்கது.