துரை பங்களா, ஸ்டோர், லயன்: எங்க மலையில மூணு வகை வீடு

லீவு நெருங்கினா எனக்கு வர்ற கேள்வி எப்பவும் ஒண்ணுதான். "போடிமெட்டுப் பக்கம் ஒரு காட்டேஜ் சொல்லுங்கண்ணே. ஹோட்டல் மாதிரி வேணாம். பழைய வீடா, ஒரு கேரக்டரோட இருக்கணும்." சென்னையிலிருந்து கேட்டாலும் கோயம்புத்தூரிலிருந்து கேட்டாலும் இதே வார்த்தைதான்.

நான் வீடு வாடகைக்கு விடுறவன் இல்லை. கீழே போடியில் குடியிருப்பு, மெட்டைத் தாண்டி பூப்பாறைப் பக்கம் மூணு ஏக்கர் ஏலத்தோட்டம், அவ்வளவுதான் நம்ம சொத்து. ஆனா அந்தக் கேள்விக்கு ஒழுங்கா பதில் சொல்லணும்னா நூத்தைம்பது வருஷக் கதையைச் சொல்லணும். ஏன்னா, எங்க மலையில பழைய வீடு எதுவும் ஓய்வுக்குன்னு கட்டினது கிடையாது. ஒவ்வொண்ணும் ஒரு வேலைக்காகக் கட்டினது. நீங்க கேரக்டர்னு சொல்றது, அந்த வேலை விட்டுட்டுப் போன அடையாளம்.

பக்கத்துல இருக்கிற கொடைக்கானலோட ஒப்பிட்டுப் பார்த்தா இது விளங்கும். மதுரையில இருந்த அமெரிக்க மிஷனரிமார் வெயிலும் காய்ச்சலும் தாங்காம, குளிர்ந்த இடம் தேடி மேல ஏறினாங்க. 1845-இல் அங்கே முதல் ரெண்டு பங்களாக்களைக் கட்டினதும் அவங்கதான். உடம்பைத் தேத்திக்கத்தான் கட்டினாங்க. ஊட்டியும் அப்படியே, 1820-களில் கலெக்டர் ஜான் சலிவன் கல் வீடு கட்டின பிறகு அது வெள்ளைக்காரங்களுக்குக் கோடை ஊர் ஆச்சு. அந்த ஊர்கள்ல வீடு முதல்ல வந்தது, தோட்டம் பின்னாடி வந்தது. எங்க பக்கம் தலைகீழ். இங்கே தோட்டம்தான் முதல்ல. வீடு அதுக்கு வேலைக்காரன் மாதிரி பின்னாலேயே வந்தது.

முதல்ல இடத்தைச் சொல்லிடுறேன். போடிநாயக்கனூரிலிருந்து முந்தல் வரைக்கும் சமதளம். அங்கிருந்து 17 கொண்டை ஊசி வளைவு ஏறினா போடிமெட்டு. ஏறக்குறைய 4,500 அடி உயரம். செக்போஸ்ட்டைத் தாண்டினா கேரளா. இந்த ரோடு ஒரு பக்கம் கொச்சிக் கடலுக்கும் மறு பக்கம் தனுஷ்கோடிக் கடலுக்கும் போகுது. நடுவுல நிக்கிறதுதான் எங்க மலை. மெட்டுக்குத் தெற்கே விரியிறது ஏலமலை. வடமேற்கே, மூணாறைச் சுத்தி இருக்கிறது கண்ணன் தேவன் தேயிலை மலை. ரெண்டு மலைக்கும் ரெண்டு விதமான வீடு.

துரை பங்களா

ஜான் டேனியல் மன்றோ திருவிதாங்கூர் அரசின் அதிகாரி. ஏலமலையை மேற்பார்க்கிறது அவருக்கு உத்தியோகம். 1877-இல் பூஞ்ஞாறு அரசர்கிட்டேயிருந்து கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு எழுதி வாங்கினார். அளவு சுமார் 1,37,000 ஏக்கர். 1879-இல் துரைமாரெல்லாம் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. காப்பி, சிங்கோனா, சைசல்னு பலதும் நட்டுப் பார்த்தாங்க. 1880-இல் ஷார்ப் என்கிற துரை பார்வதி எஸ்டேட்டில் தேயிலை நட்டார். அதுதான் பிடிச்சு நின்னது.

முதல்ல வந்த துரைமாருக்கும் புல் வேய்ந்த குடிசைதான். தேயிலை காசு கொடுக்க ஆரம்பிச்ச பிறகுதான் கல் சுவர், தகரக் கூரை, கணப்பு அடுப்பு, சுத்தி வராண்டான்னு பங்களா எழும்பிச்சு. நீங்க ஒரு பழைய பங்களாவுக்குப் போனா வராண்டாவில் நின்னு பாருங்க. பெரும்பாலும் ஒரு மேட்டுல, கீழே தோட்டம் முழுக்கத் தெரியிற மாதிரி இருக்கும். இன்னிக்கு அதை 'வியூ'ன்னு சொல்லி அதுக்குத் தனி வாடகை வாங்குறாங்க. அன்னிக்கு அது மேற்பார்வை. எந்தப் பத்தியில ஆள் நிக்குது, எந்தப் பத்தி காலியா கிடக்குதுன்னு நாற்காலியில உக்காந்தபடியே துரைக்குத் தெரியணும்.

அந்தப் பங்களாக்களுக்கு வாசல் எங்க ஊருதான். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரைக்கும் 1902-இல் ஒத்தைத் தண்டவாளம் போட்டாங்க. 1908-இல் அது சின்ன ரயிலா மாறிச்சு. டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப்வே வழியா தேயிலைப் பெட்டி கீழே கொட்டகுடிக்கு இறங்கும். அங்கிருந்து மாட்டு வண்டியில போடி, அப்புறம் தூத்துக்குடித் துறைமுகம், கப்பல். 1924 வெள்ளம் அந்தச் சின்ன ரயிலை அடிச்சுட்டுப் போயிருச்சு. திரும்பப் போடவே இல்லை. டாப் ஸ்டேஷன்ங்கிற பேரு மட்டும் மிச்சம். மதுரையிலிருந்து போடிக்கு ரயில் 1928-இல்தான் வந்தது.

ஸ்டோர்

ஏலமலைக் கதை வேற. ஏலம் நிழலில் வளர்ற பயிர். காட்டை மொட்டையடிக்க வேண்டியதில்லை. பெரிய மரத்தை நிக்க விட்டு அடியில நடணும். 19-ஆம் நூற்றாண்டின் கடைசி வரைக்கும் ஏலக்காய் திருவிதாங்கூர் அரசின் ஏகபோகம். அதுக்குப் பிறகு போடி, கம்பம், தேவாரம் ஆளுங்க நிறையப் பேர் மேல தோட்டம் போட்டாங்க. ஆனா குடும்பம் கீழேதான். எங்க தாத்தாவும் அப்படித்தான். பொதிமாட்டோட மெட்டு ஏறுவார், காய் எடுப்பு முடிஞ்சதும் இறங்கிடுவார். அதனால ஏலமலையில பங்களா குறைச்சல். எங்க ஆளுங்க கட்டினது ஸ்டோர்.

ஸ்டோர்னா சாமான் வைக்கிற இடம்னு நினைச்சுக்காதீங்க. அது காய் உலர்த்துற வீடு. பச்சைக்காயை வெயில்ல போட்டா நிறம் வெளுத்துரும். வெளுத்த காய்க்கு விலை கிடையாது. அதனால மூடின அறைக்குள்ள சூடு கொடுக்கணும். அறைக்கு வெளியே அடுப்பு, அடுப்பிலிருந்து உருண்டைக் குழாய் ஒண்ணு அறைத் தரையைச் சுத்தி வந்து புகைபோக்கி வழியா வெளியே போகும். புகை குழாய்க்குள்ளேயே போயிரும், சூடு மட்டும் அறையில தங்கும். மேல வலைத் தட்டு அடுக்கடுக்கா இருக்கும், அதுல காய். 45-லிருந்து 55 டிகிரிக்குள்ள வைக்கணும். ஆரம்பத்துல ஆவி போக மேல இருக்கிற துவாரத்தைத் திறக்கணும், அப்புறம் அடைக்கணும். ஒரு ராத்திரி, ஒரு பகல், சில சமயம் அதுக்கு மேலயும் விறகு வச்சுக்கிட்டே முழிச்சிருக்கணும். அஞ்சு கிலோ பச்சைக்காய் காஞ்சா ஒரு கிலோ கையில நிக்கும்.

அந்த முழிச்சிருக்கிற ஆளுக்காகத்தான் ஸ்டோரை ஒட்டி ஒரு சின்ன அறை, ஒரு திண்ணை. எங்க அப்பா கல்யாணத்துக்கு அப்புறமும் வருஷத்துல நாலு மாசம் அந்தத் திண்ணையிலதான் படுத்தார். தடிச்ச சுவர், சின்னச் சன்னல், கூரைக்கு அடியில துவாரம், ஒரு உசரமான புகைபோக்கி: இதையெல்லாம் ஒரு காட்டேஜ்ல பார்த்தா அது ஸ்டோராத்தான் இருந்திருக்கும். இப்ப கேஸ், டீசல்னு புது டிரையர் வந்துட்டதால பழைய ஸ்டோர் பல இடத்துல சும்மா கிடக்குது. சிலர் அதைச் சுத்தம் பண்ணி, தட்டைக் கழட்டிட்டு, கட்டில் போட்டிருக்காங்க. அந்த அறைக்குள்ள போய் மூச்சை இழுங்க. எத்தனை வெள்ளை அடிச்சாலும் சுவர்ல ஏலக்காய் வாசம் இருக்கும்.

லயன்

மூணாவது வீட்டை யாரும் என்கிட்ட கேட்டதே இல்லை. வரிசையா ஒட்டிக் கட்டின தொழிலாளர் வீடு. 'லைன்'ங்கிற இங்கிலீஷ் வார்த்தைதான் நம்ம வாயில லயன், மலையாளத்துல லயம். இலங்கை மலையகத்திலயும் அதையே லயம்னு சொல்றாங்க. கங்காணி பின்னாடி மதுரை, திருநெல்வேலிச் சீமையிலிருந்து குடும்பம் குடும்பமா மலையேறினவங்க அதுலதான் குடியேறினாங்க. ஒரு அறை, ஒரு அடுப்படி, முன்னால ஒரு நீளத் திண்ணை. இந்தத் திண்ணை பத்து வீட்டுக்கும் பொது.

1951-ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம், வீடு கொடுக்க வேண்டியது தோட்ட நிர்வாகத்தோட கடமைன்னு சொல்லிச்சு. நல்ல சட்டம்தான். ஆனா அந்த வீடு வேலையோட கட்டின வீடு. வேலை முடிஞ்சா வீட்டைக் காலி பண்ணணும். மூணு தலைமுறை ஒரே கூரைக்கு அடியில பிறந்து வளர்ந்தாலும், அந்தக் கூரை அவங்களுது ஆகாது.

2020 ஆகஸ்ட் 6 ராத்திரி, மூணாறுக்கு அப்பால பெட்டிமுடியில மலை சரிஞ்சு லயன் வரிசைகள் மேல விழுந்தது. 70 பேர் போயிட்டாங்க. நிறையப் பேருக்குப் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறுப் பக்கம். அந்தச் செய்தி வந்தப்பதான் வெளியூர்ல பல பேருக்கு லயன்னு ஒண்ணு இருக்கிறதே தெரிஞ்சது. பங்களாவுக்கு மேடு, லயனுக்குப் பள்ளம். பழைய தோட்டங்கள்ல பெரும்பாலும் இதுதான் அமைப்பு. வேலைக்கும் தண்ணிக்கும் பக்கத்துல இருக்கட்டும்னு போட்ட கணக்கு அது.

வீடு எப்படி விடுதி ஆச்சு

1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநிலம் பிரிச்சாங்க. தேவிகுளம், பீர்மேடு தாலுகாவைத் தமிழ்நாட்டோட சேர்க்கணும்னு பெரிய போராட்டம் நடந்தும், அது கேரளாவோட போச்சு. அன்னியிலிருந்து எங்களுக்கு வீடு ஒரு மாநிலம், தோட்டம் ஒரு மாநிலம். இன்னிக்கும் விடியக்காலை ஜீப்ல ஆளேத்திக்கிட்டு மெட்டு ஏறி, சாயங்காலம் இறங்குறோம்.

கேரளாவில 1964-ஆம் வருஷத்து விதிப்படி பட்டா கொடுத்த நிலம் விவசாயத்துக்கும் குடியிருக்கவும்தான். அதுல விடுதி கட்டலாமா கூடாதாங்கிற சண்டை ரொம்ப நாளா ஓடுது. 2007-இல் மூணாறுல ஆக்கிரமிப்புக் கட்டடங்களை அரசே இடிச்சது. 2023-இல் கேரளச் சட்டசபை சட்டத்தைத் திருத்தி, இப்படிக் கட்டினதை முறைப்படுத்த வழி பண்ணிச்சு.

இதுக்கு நடுவுல விலை ஆடின ஆட்டத்தையும் சொல்லணும். 2019 ஆகஸ்டில் ஏலத்துல கிலோ 7,000 ரூபாய் வரைக்கும் போன காய், மூணு வருஷத்துக்குள்ள ஆயிரத்துக்குக் கீழே வந்தது. மருந்து, உரம், கூலி எதுவும் இறங்கலை. அப்பதான் பல தோட்டக்காரங்க பழைய ஸ்டோரைத் திரும்பிப் பார்த்தாங்க. காய் கைவிட்ட வருஷத்துல ரெண்டு அறை வாடகை பிள்ளைங்க காலேஜ் ஃபீஸைக் கட்டிச்சு. இதை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு பழைய வீட்டுக்கு வேலை மாறிச்சு, அவ்வளவுதான். நாலு பேர் வந்து தங்குறதாலதான் அந்தக் கூரை இன்னும் ஒழுகாம நிக்குது.

எனக்கு வருத்தம் வேற ஒண்ணுல. பழைய வீட்டைப் போலவே புதுசா கட்டுற காட்டேஜ். ஜேசிபியை விட்டுச் சரிவை வெட்டி, நிழல் மரத்தை எடுத்து, கண்ணாடிச் சுவர் வச்சு, ஒரு பொய்ப் புகைபோக்கியும் வச்சு, 'எஸ்டேட் ஸ்டைல்'னு பேர் போடுறாங்க. நிழல் மரம் போனா ஏலம் வாடும். மரத்தோட வேர் போனா அந்த இடத்துல மண்ணைப் பிடிச்சுக்க ஆளில்லை. 2018 ஆகஸ்ட் மழையில இடுக்கி முழுக்க எத்தனை சரிவு இறங்கிச்சுன்னு பார்த்தவங்க நாங்க. நூறு வருஷம் நின்ன ஸ்டோர் நிக்கிற இடத்தைப் பாருங்க: பாறை மேல இருக்கும், ஓடையை விட்டுத் தள்ளி இருக்கும், சுத்தி மரம் இருக்கும். தாத்தாமாருக்கு இன்ஜினீயரிங் தெரியாது. எந்த இடம் வழுக்கும்னு தெரியும்.

அதனால காட்டேஜ் தேடுறவங்களுக்கு நான் வீட்டுப் பேர் சொல்றதில்லை. மூணு கேள்வியைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன். இந்த வீடு முன்னே என்ன வேலை பார்த்துச்சு? இதைக் கட்ட மரம் வெட்டினீங்களா, சரிவை வெட்டினீங்களா? இங்கே சமைக்கிறவங்களும் பெருக்குறவங்களும் ராத்திரி எங்கே படுக்கிறாங்க? மூணுக்கும் முகம் சுளிக்காம பதில் சொல்ற வீட்டுல தங்குங்க. ஊர்க்காரங்க நடத்துற வீடுன்னா முதல் கேள்விக்கே உக்கார வச்சு ஒரு மணி நேரம் பேசுவாங்க.

சென்னை சென்ட்ரலிலிருந்து போடிக்கு 2023 ஜூனிலிருந்து மறுபடியும் ரயில் வருது. காலையில இறங்கி முந்தல்ல டீ குடிச்சுட்டு மெட்டு ஏறுங்க. எதிர்ல ஆளேத்தின ஜீப் வந்தா கொஞ்சம் ஒதுங்கி வழி விடுங்க. நீங்க தங்கப் போற வீட்டைக் கட்டினவங்களோட பேரன் பேத்திகள் அதுலதான் வேலைக்குப் போறாங்க.