குடும்பமும் வாழைக்குலையும்



சுசீந்திரத்தில் எங்கள் தெருவிலே காய்கறிக் கடை வைத்திருக்கும் இளைஞர் ஒருவர், முன்னாள் என் மாணவர், சென்ற மாதம் ஒரு கேள்வியோடு வந்தார். “சார், ரெண்டு பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்துல விடணும். வடசேரிச் சந்தையிலயிருந்து சரக்கும் கொண்டு வரணும். பெட்ரோலுக்குக் குடுத்துக் கட்டுப்படியாகல்ல. மிதிக்கிற வண்டியாவே ஒண்ணு வாங்கலாம்னு பாக்கேன். ரெண்டு சக்கரமா, மூணு சக்கரமா?” என்றார். நாற்பது நிமிடப் பாடத்துக்கும் அடங்காத கேள்வி அது. அவருக்குச் சொன்னதையே சற்று விரித்து இங்கே சொல்ல விழைகிறேன்.

வண்டியைப் பற்றிப் பேசுமுன் வழியைப் பற்றிப் பேச வேண்டும். தாணுமாலயன் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் இன்று எவரும் மணியடித்துக்கொண்டு சைக்கிளில் போகலாம். நூறு ஆண்டுகளுக்கு முன் அவ்வாறில்லை. தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட மக்கள் அவ்வீதிகளில் கால் வைக்கவும் தடையிருந்தது. அத்தடையை எதிர்த்து 1926இல் இவ்வூரில் சத்தியாக்கிரகம் நடந்தது, டாக்டர் எம். இ. நாயுடு அதன் தலைவர்களுள் ஒருவர். 1930இல் மீண்டும் போராட்டம் எழுந்தது. 1936 நவம்பர் 12ஆம் நாள் திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் வெளியிட்ட ஆலயப் பிரவேசப் பிரகடனத்தால் கோயில் வாயிலே திறந்தது. நடக்க உரிமையில்லாதவனுக்கு வண்டி எதற்கு? ஆகவே எங்கள் ஊரில் சைக்கிளின் வரலாற்றை நான் அந்தப் போராட்டத்திலிருந்தே தொடங்குவது வழக்கம்.

சைக்கிளின் பிறப்பு வளர்ப்பைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 1817இல் ஜெர்மானியரான டிரைஸ், காலால் தரையை உந்திச் செல்லும் மரவண்டி ஒன்றைச் செய்தார். மிதிகட்டை 1860களில் பாரிஸில் சேர்ந்தது. இரு சக்கரமும் ஏறக்குறைய ஒத்த அளவினவாய், சங்கிலி பின்சக்கரத்தைச் சுழற்றும் வண்டியை 1885இல் இங்கிலாந்தின் ஸ்டார்லி வெளிக்கொணர்ந்தார். 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைத் தந்தார். நாம் இன்று காணும் கறுப்பு வண்டியின் உருவம் அப்போதே முடிந்துவிட்டது. சென்னையை அடுத்த அம்பத்தூரில் 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் தோன்றிய பிறகு, சீமைச் சரக்காயிருந்தது நம் சரக்காயிற்று.

மூன்று சக்கரத்தின் கதைதான் சுவையானது. அதற்கு மூலம் ஜப்பானில் 1869ஆம் ஆண்டளவில் தோன்றிய கை ரிக்ஷா. ‘ஜின்ரிகிஷா’ என்றால் மனித சக்தி வண்டி என்று பொருள். பெயரிலேயே குற்றத்தை ஒப்புக்கொண்ட வாகனம் அது! மனிதனை மனிதன் இழுப்பதை ஒழிக்க, இழுப்பவனை ஆசனத்தில் ஏற்றி மிதிக்க வைத்தார்கள். சிங்கப்பூரில் 1947இல் கை ரிக்ஷா தடை செய்யப்பட்டது. நம் மாநிலத்தில் 1973இல் அதை ஒழித்து, இழுத்தவர்களுக்குச் சைக்கிள் ரிக்ஷா வழங்கினார்கள். அதற்கு இரண்டாண்டு முன்னர் வந்த ‘ரிக்ஷாக்காரன்’ படத்தில் எம்.ஜி.ஆர். மிதித்ததும் சைக்கிள் ரிக்ஷாவைத்தான்.

ஏறுபவர் எங்கே உட்காருவது என்பதில் ஊருக்கு ஒரு முறை உண்டு. சிங்கப்பூரில் பக்கத்தில்; பினாங்கிலும் சைகோனிலும் முன்னால்; நம் நாட்டில் பின்னால். முன்னால் உட்கார்ந்தால் பிள்ளைகள் ஓட்டுபவரின் கண்ணெதிரே இருப்பார்கள். ஆனால் எதிரே மோதல் நேர்ந்தால் முதல் அடி அவர்களுக்கே. பக்கத்தில் உட்கார்ந்தால் பேச்சுத் துணையுண்டு. ஆனால் பாரம் ஒருபுறம் சாயும். பின்னால் உட்கார்ந்தால் ஓட்டுபவருக்குப் பாதை தெளிவு, பிள்ளை என்ன செய்கிறது என்பது தெரியாது. டென்மார்க்கில் கோபன்ஹேகன் நகரத்துக் கிறிஸ்டியானியாவில் 1984இல் தோன்றிய மூன்று சக்கர வண்டியில், முன்னேயுள்ள பெட்டியில்தான் பிள்ளையும் சரக்கும். பிள்ளை விஷயத்தில் என் வாக்கும் முன்னாலேயே.

ஒன்று மட்டும் மறக்கலாகாது. நல்ல திடமுள்ள மனிதன் மணிக்கணக்கில் இடைவிடாமல் தரக்கூடிய ஆற்றல் சுமார் 75 வாட், அதாவது ஒரு குதிரைத்திறனில் பத்தில் ஒரு பங்கு. நம் பழைய ரிக்ஷா ஆள் ஏறாமலே ஏறக்குறைய 80 கிலோ. பல் மாற்ற வழியில்லை. பெரும்பாலும் முன்சக்கரத்தில் மட்டுமே பிரேக். சமவெளிக்கு அது போதும். மேடும் பள்ளமுமான நாகர்கோவிலில் ஏற்றத்தில் இறங்கித் தள்ளவும், இறக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளவும் வேண்டும். மூன்று சக்கரம் நின்றால் விழாது என்பது மெய். ஆனால் வளைவில் இரு சக்கரம்போல் சாய்ந்துகொடுக்காது. வேகமாகத் திரும்பினால் கவிழும்.

நிற்க. என் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

எங்கள் தந்தையாருக்குச் சிறிது வயலும் ஒரு வாழைத்தோட்டமும் இருந்தன. 1968இல் வில்வண்டி மாடு இறந்துபோக, வேறு மாடு பிடிப்பதா, சைக்கிள் வாங்குவதா என்று வீட்டில் ஒரு மாதம் விவாதம் நடந்தது. என் தாய்மாமன், “அத்தான், மாட்டுக்கு வைக்கோலு வேணும், பருத்திக்கொட்டை வேணும். இதுக்கு ரெண்டு சொட்டு எண்ணெய் போதும்லா” என்று வழக்கை முடித்துவைத்தார். இரட்டைத் தண்டு போட்ட பழைய சைக்கிள் ஒன்று வந்தது. பால்காரர்களும் சுமை வியாபாரிகளும் விரும்பும் வகை. எங்கள் பக்கத்தில் அதை ‘மிதிக்கிறது’ என்பதில்லை, ‘சவுட்டுகது’ என்போம். பாடநூலின் மிதிவண்டியை நான் பள்ளியில் மட்டுமே ஓட்டினேன்.

காரியரின் இருபுறமும் வாழைக்குலைகள் தொங்கும். வெள்ளிக்கிழமை என்றால் குலைகளுக்குப் பதில் நாங்கள். முன்தண்டில் நான், காரியரில் அம்மா, அவள் மடியில் தங்கை. இருவர் போனாலே ‘டபுள்ஸ்’ என்று போலீஸ்காரர் பிடிக்கும் காலம் அது. ஆகவே அவர் நிற்கும் முனைக்கு முன்னரே இறங்கி, கோயிலுக்கு நடந்து போகும் குடும்பம்போல் பாவனை செய்வோம்.

ஒருநாள் பழையாற்றுப் பாலத்தருகே தங்கையின் கால் பின்சக்கரக் கம்பிகளுக்குள் சிக்கிக்கொண்டது. குதிகாலின் தோல் உரிந்து, ஆறு வாரம் அவள் நடக்கவில்லை. அன்றிரவு தந்தையார் உண்ணாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்ததும், அம்மா “மாடாயிருந்தா நின்னிருக்கும்” என்று ஒரே ஒரு முறை சொன்னதும் இன்றும் என் காதிலும் கண்ணிலும் நிற்கின்றன. மறுநாளே பின்சக்கரத்தின் இருபக்கமும் கம்பிவலை அடித்து, காரியரில் கால் வைக்க இரும்புப் படியும் பொருத்தினார். சைக்கிளை விற்கவில்லை, விற்க வழியில்லை.

இரு சக்கரத்தின் சுமை வலிமையை ஐயுறுவோர் 1954இல் வியட்நாமில் நடந்த தியன்பியன்பூ போரை நினைக்கலாம். பிரெஞ்சுப் படைக்கு எதிராக மலைக்காடுகளின் ஊடே அரிசியும் வெடிமருந்தும் போயின, ஆயிரக்கணக்கான சைக்கிள்களில். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 200 கிலோ. ஏறி ஓட்டவில்லை; கைப்பிடியில் மூங்கிலைக் கட்டி, தள்ளிக்கொண்டே நடந்தார்கள். நம்மூரில் தேங்காய் மூட்டை கட்டிய சைக்கிளைத் தள்ளிச் செல்பவரும் அதே வித்தையைத்தான் செய்கிறார்.

அதனினும் பெரிய படையெடுப்பு 1991-92இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் நிகழ்ந்தது. அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்பித்தது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு ஊக்கமளித்தார். கற்றுக்கொண்ட கிராமப் பெண்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். முன்னே பிள்ளை, பின்னே தண்ணீர்க் குடமோ விளைபொருளோ. பேருந்துக்கும் கணவனுக்கும் காத்திராமல் புறப்பட்டார்கள். பெண்கள் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வரவே, நடுத்தண்டுள்ள ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். அது வசதிதான் என்றும் சொன்னார்கள்: அந்தத் தண்டில் குழந்தையை உட்கார வைக்கலாமே! என் தாயார் வாழ்நாள் முழுதும் காரியரில் பக்கவாட்டில் உட்கார்ந்தே போனவர். வாழைக்குலையை இறக்கினால் ஏற்றப்படும் பாரம் அவர். ஓட்டக் கற்றுக்கொள்கிறாயா என்று வீட்டில் ஒருவரும் அவரைக் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

இளைஞரிடம் இவற்றையெல்லாம் சொல்லி, வண்டி யாருக்கு என்று கேட்டேன். காலையில் பிள்ளைகளை விடுவது மனைவி, சந்தைக்குப் போவது தாம் என்றார். அப்படியானால் அந்த அம்மையாரையும் கூட்டிக்கொண்டு வாரும் என்றேன். மறுநாள் இருவரும் வந்தார்கள். மூன்று சக்கரம் எங்கள் வீட்டு நடையில் ஏறாது என்று அவர் ஒரே சொல்லில் தீர்த்துவிட்டார். இரட்டைத் தண்டு வண்டி சந்தைக்கு. தண்டு தாழ்ந்த வண்டி ஒன்று அவருக்கு, பின்னால் முதுகு சாயும் இரண்டு இருக்கைகளோடு. முன்னால் என்று நான் சொன்னது, இரண்டு பிள்ளைகளுக்கு இடம் போதாது என்பதால் தள்ளுபடியாயிற்று. பின்சக்கரத்துக்குக் கம்பிவலை அடிக்க வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். கோட்டாறு பட்டறையில் அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.