விளையாட்டுக் காயங்களுக்கான ஒட்டுநாடா: வரலாறும் சோதனைகளும்

விளையாட்டு வீரர்கள் கணுக்கால், முழங்கால், தோள்பட்டை முதலிய இடங்களில் ஒட்டிக்கொள்ளும் பட்டைகள் பொதுவாக 'டேப்' என்றே அழைக்கப்படுகின்றன. இவற்றில் இரண்டு வகை உண்டு. ஒன்று, துத்தநாக ஆக்சைடு கலந்த பசை பூசிய, இழுத்தாலும் நீளாத வெள்ளை நாடா. மற்றொன்று, ரப்பர்போல் நீண்டு சுருங்கும் வண்ண நாடா. "இந்த டேப் உண்மையிலேயே வேலை செய்கிறதா, அல்லது வெறும் மன ஆறுதலா?" என்ற கேள்விக்கு ஒரே வரியில் விடை சொல்பவர்கள் பெரும்பாலும் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். இரண்டின் வரலாறும் வேறு. அவற்றின்மீது நடந்த சோதனைகளின் முடிவும் வேறு.

வெள்ளை நாடா

இது பழைய முறை. அமெரிக்கக் கல்லூரி அணிகளில் ஆட்டத்துக்கு முன் கணுக்காலைச் சுற்றி நாடா கட்டுவது நெடுங்காலமாக வழக்கத்தில் இருந்தது. பாதம் உள்பக்கமாக மடங்கிச் சுளுக்கிக்கொள்ளாமல் நாடா இழுத்துப் பிடிக்கும் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். 1962-இல் ராரிக் என்பவரும் அவருடைய குழுவினரும் இதை அளந்து பார்த்தபோது ஒரு சங்கடம் தெரிந்தது. பத்து நிமிடம் கடுமையாக ஓடியாடிய பிறகு நாடாவின் பிடிமானத்தில் ஏறத்தாழ 40 விழுக்காடு போய்விட்டது. வியர்வையும் அசைவும் அதைத் தளர்த்திவிட்டன.

அப்படியானால் அது வீண் வேலையா? 1973-இல் காரிக், ரெகுவா ஆகிய இருவர் பல்கலைக்கழகக் கூடைப்பந்து ஆட்டக்காரர்களைக் கொண்டு செய்த ஆய்வில், நாடா கட்டியவர்களுக்குச் சுளுக்கு குறைவாகவே ஏற்பட்டது. முன்பு ஒருமுறை சுளுக்கியவர்களுக்கு அது கூடுதலாக உதவியது. இதன் பிறகு வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2010-இல் வெளியான மீளாய்வு ஒன்று, முன்பே சுளுக்கு ஏற்பட்டவர்கள் நாடா கட்டினால் மீண்டும் சுளுக்கும் வாய்ப்பு சுமார் 71 விழுக்காடு குறைவதாகக் கணக்கிட்டது. கணுக்கால் உறை அணிந்தாலும் கிட்டத்தட்ட அதே பலன்தான்.

தளர்ந்துபோன நாடா எப்படிக் காக்கிறது என்பதற்கு ஆய்வாளர்கள் தரும் விளக்கம் சுவையானது. கண்ணை மூடிக்கொண்டாலும் நம் பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதை நாம் உணர்கிறோம். சுளுக்கிய காலில் இந்த உணர்வு மங்கியிருக்கும். தோலில் ஒட்டிய நாடா, பாதம் திரும்பும்போதெல்லாம் தோலை இழுத்து அந்த உணர்வைக் கூட்டுகிறது என்றும், கெண்டைக்காலின் வெளிப்பக்கத் தசை சற்று முன்னதாகவே விழித்துக்கொள்கிறது என்றும் அவர்கள் கருதுகிறார்கள். இது முழுமையாக நிறுவப்பட்டதல்ல.

நம்பிக்கையின் பங்கையும் ஒதுக்கிவிட முடியாது. 2007-இல் ஆஸ்திரேலியாவில், கணுக்கால் உறுதியற்ற 30 பேருக்கு முறையான கட்டு, பெயரளவுக்கு ஒட்டிய போலிக் கட்டு, கட்டே இல்லாத நிலை என மூன்று வகையாகச் சோதித்தனர். நொண்டித் தாண்டுவதிலும் சமநிலைச் சோதனையிலும் மூன்றுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் கட்டு இருந்தபோது கால் உறுதியாக இருப்பதாகவும் துணிவு கூடியதாகவும் பலர் கூறினர். மருந்தில்லாத மாத்திரையை மருந்தென்று நம்பி விழுங்கியவருக்கு நோவு தணிவதை 'மருந்துப்போலி விளைவு' என்பார்கள். இங்கே நடந்ததும் அதுவே.

வண்ண நாடா

1970-களில் ஜப்பானியரான கென்சோ காசே இதை உருவாக்கினார். இவர் அமெரிக்காவில் கைரோபிராக்டிக் எனப்படும் முதுகெலும்புச் சீரமைப்பு முறையைப் பயின்றவர். வெள்ளை நாடா மூட்டைக் கட்டிப்போடுகிறது. மூட்டை அசையவிட்டபடியே துணைநிற்கும் நாடா வேண்டும் என்பது அவருடைய எண்ணம். இது தண்ணீர் பட்டாலும் உரியாமல் சில நாட்கள் ஒட்டியிருக்கும். ஒட்டியபின் தோலில் சிறு சுருக்கங்கள் விழும். அச்சுருக்கங்கள் தோலை மேலே தூக்கி, அடியில் குருதியும் நிணநீரும் தடையின்றி ஓட வழிசெய்கின்றன என்று சொல்லப்பட்டது. ஒரு திசையில் இழுத்து ஒட்டினால் தசை ஊக்கம் பெறும், எதிர்த்திசையில் ஒட்டினால் தளரும் என்றும் கூறினர். நிறத்தில் மட்டும் மருத்துவம் எதுவும் இல்லை. நீலமும் கருப்பும் கடைக்காரருக்கே வேறு வேறு.

உலகம் இதைக் கவனித்தது 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில். நிறுவனம் 58 நாடுகளுக்கு 50,000 சுருள்களை இலவசமாக வழங்கியதாகச் செய்திகள் வந்தன. கடற்கரைக் கைப்பந்தில் தங்கம் வென்ற அமெரிக்காவின் கெரி வால்ஷ் தோளில் ஒட்டியிருந்த கருப்பு நாடாவைத் தொலைக்காட்சியில் பார்க்காதவர் குறைவு. 2012 யூரோ கால்பந்து அரையிறுதியில் ஜெர்மனிக்கு எதிராக இரண்டு கோல் அடித்த இத்தாலியின் மாரியோ பலோட்டெல்லி சட்டையைக் கழற்றி நின்றபோது, முதுகில் இருந்த நீலப் பட்டைகளும் புகழ்பெற்றன. வென்றவர் ஒட்டியிருந்தார் என்பது விளம்பரத்துக்குப் போதும். தோற்றவர்களிலும் ஒட்டியிருந்தவர்கள் உண்டு. அவர்களை யாரும் எண்ணவில்லை.

சோதனைகள் வேறு கதை சொல்லின. 2008-இல் வெளியான ஆய்வில், தோள்வலி உள்ள 42 இளைஞர்களுக்கு நாடா ஒட்டியவுடன் வலியின்றிக் கையை உயர்த்தும் அளவு சற்றுக் கூடியது. அடுத்தடுத்த நாட்களில் போலி நாடா ஒட்டியவர்களுக்கும் இவர்களுக்கும் வேறுபாடு காணப்படவில்லை. 2012-இல் ஒரு மீளாய்வுக் குழு 97 கட்டுரைகளைப் புரட்டியபோது, தகுதியான ஆய்வுகள் 10 மட்டுமே தேறின. காயத்தைக் குணப்படுத்தவோ தடுக்கவோ இதற்குத் தரமான சான்று மிகக் குறைவு என்றது அக்குழு. 2014-இல் வெளியான பிரேசில் ஆய்வு நேராக மூலக் கூற்றையே தொட்டது. நாட்பட்ட இடுப்புவலி உள்ள 148 பேரில் ஒரு பகுதியினருக்குச் சுருக்கம் விழும்படியும், மற்றவர்களுக்கு இழுக்காமலும் நாடா ஒட்டினர். இரு சாராருக்கும் ஒரே பலன்தான் கிடைத்தது. சுருக்கம்தான் குணமாக்குகிறது என்ற வாதம் அதோடு ஆட்டம் கண்டது.

இத்தகைய சோதனைகளில் ஒரு இடர் உண்டு. மாத்திரையைப் போலியாகச் செய்வது எளிது. தோலில் ஒட்டுவதை மறைப்பது கடினம். ஹாங்காங் ஆய்வாளர்கள் இதற்கொரு தந்திரம் செய்தனர். இந்த நாடாவைப் பற்றி அறியாத 30 பேரைத் தேர்ந்து, "தசையை அளக்கும் உணரியை ஒட்டுகிறோம்" என்று சொல்லித் தொடையில் ஒட்டினர். முறையாக ஒட்டியபோதும், போலியாக ஒட்டியபோதும், ஒட்டாதபோதும் தசையின் வலு மாறவேயில்லை. 2015-இல் வெளியான இவ்வாய்வு, அதற்குமுன் காணப்பட்ட வலுக்கூடுதலில் எதிர்பார்ப்புக்குப் பெரும்பங்கு இருந்திருக்கலாம் என்ற ஐயத்தை வலுப்படுத்தியது.

காயம்பட்டவர் கவனிக்க வேண்டியவை

வலி தணிந்தது என்று வீரர் சொல்வது பொய்யல்ல. ஆட்டத்தில் துணிவுக்கும் மதிப்பு உண்டு. ஆனால் அறுந்த மூட்டு நாரை எந்த நாடாவும் ஒட்டிவிடாது. புதிதாகக் கணுக்கால் மடங்கியவர் நான்கு அடி எடுத்து வைக்க முடியாவிட்டாலோ, கணுக்கால் எலும்பின் பின்விளிம்பை அழுத்தினால் வலித்தாலோ எக்ஸ்-ரே எடுத்துப் பார்ப்பதே மருத்துவ வழக்கம். அந்த நிலையில் நாடாவைச் சுற்றி மாணவரை மீண்டும் களத்தில் இறக்குவது தவறு.

சுளுக்கு ஆறியபின் மறுபடி வராமல் தடுக்கச் செலவு குறைந்த வழியும் இருக்கிறது. நெதர்லாந்தில் கைப்பந்து வீரர்களிடம் நடத்தி 2004-இல் வெளியான ஆய்வில், ஆடும் பலகைமேல் நின்று சமநிலைப் பயிற்சி செய்தவர்களுள் முன்பே சுளுக்கு ஏற்பட்டவர்களுக்கு மறுசுளுக்கு குறைந்தது. ஒரு பலகையை ஓர் அணி முழுவதும் மாறி மாறிப் பயன்படுத்தலாம். நாடாவோ ஒவ்வோர் ஆட்டத்துக்கும் புதிதாக வாங்க வேண்டும்.